அப்பா காலமான பிறகு பாகம் பிரிப்பது: உறவு முறியாமல் முடிக்க எதற்குப் பின் எது

எங்கள் வீட்டில் பாகம் பிரிய நான்கு வருஷம் ஆனது. அதில் மூன்றரை வருஷம் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவே இல்லை, மீதி ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்தது. நிலம் அதே 3 ஏக்கர் 40 சென்ட்தான், ஆட்களும் அதே ஆட்கள்தான். எதை முன்னால் பேசுவது, எதைப் பின்னால் பேசுவது என்பது மட்டும் மாறியது. அதற்கப்புறம் சித்தப்பா வீடு, மச்சான் வீடு என்று நாலைந்து பாகப் பேச்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எடுத்த எடுப்பில் நிலத்தைப் பேசுகிறார்கள்.

நிலம் மூன்றாவதாக வர வேண்டிய பேச்சு. முதலில் பழைய கணக்கு, அடுத்து அம்மா, அப்புறம் நிலம், கடைசியில் பத்திரம். இந்த வரிசைப்படிதான் கீழே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றி வரும் இடங்களில் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்த குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு, மற்றபடி பேசும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

1. பதினாறு முடியும்வரை சொத்துப் பேச்சே வேண்டாம்

காரியத்துக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள், இனி எப்போது ஒன்றாகக் கூடப்போகிறோம், இப்போதே பேசிவிடலாம் என்று ஒரு பெரியவர் கட்டாயம் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் ஒரு பங்காளிப் பெரியப்பா, "அப்புறம், காட்டை என்ன பண்றதா இருக்கீங்க?" என்றார் (விவசாய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்). அண்ணன், தான் போட்ட போர்வெல்லுக்கு ஆன செலவைச் சொன்னான். நான் "உன்னை யாரு போடச் சொன்னா?" என்றேன். மூன்றரை வருஷம் போனது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அன்றைக்கு எல்லாரும் தூக்கமில்லாமல் இருப்பார்கள், செலவுக்குக் கடன் வாங்கியிருப்பார்கள், சுற்றிலும் வேடிக்கை பார்க்க முப்பது பேர் இருப்பார்கள். யாராவது கேட்டால் "மூணு மாசம் கழிச்சு உட்காரலாம் பெரியப்பா" என்று சொல்லித் தேதியையும் சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாமல் தள்ளிப்போட்டால் "இழுத்தடிக்கிறான்" என்று பேச்சு வரும்.

அதேசமயம் ஒரு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். அதற்குள் ஒருவர் வேலி போடுவார், ஒருவர் தகரக் கொட்டகை கட்டுவார், அப்புறம் அதைக் கழற்றச் சொல்வதே தனிச் சண்டையாகும்.

இந்த இடைவெளியில் செய்யக்கூடாத ஒன்று: அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது. காரியச் செலவுக்கே எடுத்திருந்தாலும், பின்னால் பாஸ்புக்கில் அந்தத் தேதியைப் பார்க்கிறவர்களுக்கு அது திருட்டாகத்தான் தெரியும்.

2. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

காகிதம் இல்லாமல் உட்கார்ந்தால் ஆளுக்கொரு ஞாபகத்தை வைத்துச் சண்டை போட வேண்டியதுதான். இவை எல்லாம் வந்த பிறகு உட்காருங்கள்:

– இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அதில் எல்லாப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் அம்மா, அதாவது நம் பாட்டி, உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. பலர் விட்டுவிடுவது இந்தப் பெயரைத்தான்.

– தாய்ப் பத்திரம் (சொத்து முதலில் குடும்பத்துக்கு வந்த மூலப் பத்திரம்), பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்).

– வில்லங்கச் சான்று. அப்பா யாருக்கும் சொல்லாமல் அடமானம் வைத்திருந்தால் அது பெரும்பாலும் இதில்தான் தெரியவரும்.

– கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், கைமாற்று. கைமாற்றுக்குக் காகிதம் இருக்காது, அம்மாவைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு செட் ஜெராக்ஸ் போட்டு ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். "பத்திரம் அண்ணன் பீரோவில் இருக்கிறது" என்ற ஒரே காரணத்தினால் சந்தேகம் முளைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் ஒரு தப்பும் செய்திருக்கமாட்டார், சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அளவைத் தரையில் சரிபார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே. எங்கள் பட்டாவில் 3.40 இருந்தது. சர்வேயர் அளந்தபோது 3.32தான் வந்தது, 8 சென்ட் பாதையில் போயிருந்தது. பிரித்த பிறகு இது தெரிந்திருந்தால் அந்த 8 சென்ட் யாருடைய கூறில் குறைகிறது என்று இன்னொரு சண்டை.

3. சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சட்டப்படிதான் பிரிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டுக்கொடுத்தது பத்து வருஷம் கழித்து வழக்காகத் திரும்பி வரும்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து என்றால் அம்மா, மகன், மகள், பாட்டி இருந்தால் அவரும், எல்லாருக்கும் சமம். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் ஆளுக்கு 1/4.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 1/4 என்று முதலில் பிரித்ததாக வைத்துக்கொண்டு, அப்பாவின் அந்த 1/4 மறுபடி அம்மா உட்பட நாலு பேருக்குப் பிரியும். ஆக பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5/16, அம்மாவுக்கு 1/16. அம்மாவின் பங்கு எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள். ஆறாவது படியில் இது வரும்.

தாத்தாவிடமிருந்து வந்தது எல்லாமே பூர்வீகம் என்பது பொதுவான தப்பு. தாத்தா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு 1956 சட்டத்துக்குப் பிறகு இறந்து, அது அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அப்பா கையில் அது தனிச் சொத்துதான். இதைத் தாய்ப் பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மகள் பங்கைப் பற்றி இன்னும் ஊரில் "கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே" என்கிறார்கள். சீர் செய்ததால் பங்கு போகாது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று இருந்தது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்தோ கோர்ட் மூலமோ பாகம் ஆகியிருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

4. யார் உட்கார வேண்டும், எங்கே

வாரிசுகள் எல்லாரும். அவரவர் மனைவி, கணவன். நடுவில் ஒருவர். இதற்கு மேல் கூட்டம் வேண்டாம்.

மருமகள்கள் உட்காரக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அன்று ராத்திரி பாதிக் கதையை மட்டும் கேட்டு, காலையில் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். உள்ளே இருந்து முழுசாகக் கேட்டவருக்கு அந்த வேலை இல்லை. போர் போட அடகு வைத்தது அண்ணியின் நகை என்றால் அண்ணிக்குப் பேச உரிமையில்லையா?

நடுவில் உட்காருபவருக்கு இரண்டே தகுதிதான்: சொத்தில் பங்கு இருக்கக்கூடாது, யாரிடமும் கொடுக்கல் வாங்கல் இருக்கக்கூடாது. தாய்மாமன் சரியாக வருவார், பங்காளிகள் வேண்டாம். அவர்கள் வரப்பு நம் வரப்பை ஒட்டியே இருக்கும். நடுவருடைய வேலை தீர்ப்புச் சொல்வது அல்ல, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது. இதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இடம் முடிந்தால் பொதுவானதாக இருக்கட்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பாட்டுக்கு எழுந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு பேசாதீர்கள், குடித்தவர் ஒருவர் இருந்தாலும் அன்றைக்குப் பேச்சு கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் தேதியும் ஜெராக்ஸும் மட்டும் போகட்டும். அதில் ஒரு பைசாக் கணக்கு பேசினாலும் ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றும்.

5. முதல் உட்காரல்: பழைய கணக்கு மட்டும்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். சென்ட் கணக்கில் சண்டை வருவதுபோல் தெரியும், உள்ளே இருப்பது வேறு: அப்பாவை யார் பார்த்தது, யார் படிப்புக்குக் காடு அடமானத்துக்குப் போனது, யார் கல்யாணத்தில் யாரைக் கூப்பிடவில்லை. இது வெளியே வராமல் நிலத்தைப் பேசினால் ஒவ்வொரு சென்ட்டிலும் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இது. வரும் முன்பே ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்: பணம், உழைப்பு, வருத்தம். அவரவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும், பதில் சொல்லக்கூடாது. எழுதச் சொல்வதற்குக் காரணம், எழுதும்போதே பாதிச் சூடு அடங்கிவிடும். வாயால் சொன்னால் "ஒரு லட்சம் இருக்கும்" என்பவர் எழுதும்போது 62,000 என்று எழுதுவார்.

எங்கள் வீட்டில் அண்ணன் தாளில் போர்வெல், அப்பாவின் இரண்டு வருஷ மருந்து என்று பன்னிரண்டு வரி. என் தாளில் ஆஸ்பத்திரி பில், மாதாமாதம் அனுப்பிய பணம் என்று ஏழு வரி. அக்கா ஒன்றும் எழுதாமல் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் உட்கார்ந்த தாய்மாமா கேட்டதற்கு, "அப்பா ஆஸ்பத்திரியில இருந்த 41 நாளும் நான்தான் கூட இருந்தேன். அதை எந்தப் பத்தியில எழுதறதுன்னு தெரியல" என்றாள். அண்ணன் தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் கணக்குப் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் வாசித்ததோடு விட்டுவிடாதீர்கள். மூன்று பத்தியையும் மூன்று விதமாக முடிக்க வேண்டும்.

பணம்: எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தொகைகளைத் தனியாக எழுதி, வட்டி போடாமல் கழித்துக்கொள்ளுங்கள். வட்டி என்று ஒருவர் ஆரம்பித்தால் இருபது வருஷத்துக்கு முந்தைய காலேஜ் ஃபீஸ் வரை போகும். நகை மட்டும் விதிவிலக்கு. அண்ணியின் 5 பவுனை விற்றுத்தான் போர் போட்டது என்றால் திரும்ப வேண்டியது 5 பவுன். அன்றைய விலையை ரூபாயாகக் கொடுக்கிறேன் என்று சொன்ன வீட்டில் அந்த அண்ணி எழுந்து போனதை நேரில் பார்த்தேன், அவர் செய்தது சரி.

உழைப்பு: இதற்கு விலை போட முயலாதீர்கள். நாளுக்கு ஐந்நூறு என்று கூலி கணக்குப் பார்ப்பது பார்த்துக்கொண்டவரை அவமானப்படுத்துவது. அதற்குப் பதில் வேறு ஏதாவது முன்னுரிமை கொடுக்கலாம். எங்கள் வீட்டில் கூறு எடுக்கும்போது அக்காவுக்கு முதல் தேர்வு என்று முடிவானது.

வருத்தம்: இதற்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். "நான் அப்படி நினைச்சுச் செய்யலையே" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அது மன்னிப்பு அல்ல, வாதம்.

6. அம்மாவின் ஏற்பாடு, நிலத்துக்கு முன்னால்

நிலத்தைப் பிரித்த பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினால் அம்மா ஒரு பாரமாகிவிடுவார். ஆளுக்கு மூன்று மாதம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாக்கள் எல்லாம் இந்த வரிசைப் பிழையில் உண்டானவர்கள்தான்.

முதலில் அம்மாவிடம் கேளுங்கள். எல்லாரும் இருக்கும்போது கேட்டால் "நீங்க பார்த்துச் செய்யுங்க" என்பார். மகளோ தாய்மாமனோ தனியாகக் கேட்க வேண்டும். எங்கே இருக்க ஆசை, கையில் மாதம் எவ்வளவு வேண்டும், நகை யாருக்கு.

அதன் பிறகு எழுத வேண்டியவை: அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை, மாதச் செலவுக்கு யார் எவ்வளவு எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் போடுவது, பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எப்படிப் பங்கிடுவது. அம்மாவின் பங்கு 1/4 ஆக இருந்தாலும் 1/16 ஆக இருந்தாலும் அவர் பேரிலேயே இருப்பதுதான் நல்லது. "எதுக்கு அம்மா பேர்ல, இப்பவே எழுதிக் குடுத்துடட்டும்" என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

அம்மா எழுதிக்கொடுப்பதாகவே முடிவானால், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

7. கூறு போடுவது

இப்போதுதான் நிலம். அனேகமாக எல்லாரும் செய்யும் தப்பு, சம அளவைச் சமப் பங்கு என்று நினைப்பது. ரோட்டோரம் 80 சென்ட்டும் பின்னால் பாறைக்காடு 80 சென்ட்டும் ஒன்றாகுமா?

இதற்கு ஊரில் இருக்கும் பழைய முறையைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. பெரியவர் கூறு போட வேண்டும், சின்னவர் எடுக்க வேண்டும். போடுகிறவருக்குக் கடைசியாக மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்பதால் மூன்று கூறையும் மனசாட்சியோடுதான் போடுவார். எங்களுக்கு அண்ணன் போட்டான். ரோட்டோரக் கூறை 95 சென்ட்டாகச் சுருக்கி, பின் கூறை 1 ஏக்கர் 30 ஆக்கி, நடுக் கூறை 1 ஏக்கர் 7 ஆக வைத்தான். அக்கா நடுக் கூறை எடுத்தாள், ரோட்டோரத்தை நான் எடுப்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், எடுத்தேன். அண்ணனுக்குப் பின் கூறு வந்தது. அவன் போர் அதில்தான் இருக்கிறது, அதை யோசித்துத்தான் போட்டிருக்கிறான் என்று பிறகு புரிந்தது.

கோடு போடும் முன் தீர்க்க வேண்டியவை:

பாதை. பின் கூறுக்கு டிராக்டர் போக வேண்டும். 12 அடி வண்டிப்பாதை எந்தக் கூறுகளிலிருந்து எவ்வளவு என்று அளவோடு எழுதுங்கள். "போய் வந்துக்கலாம்" என்று வாயால் சொன்னது அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

கிணறு. பொதுவாகத்தான் இருக்கும். யாருக்கு எந்தக் கிழமை முறைத் தண்ணீர், மோட்டார் காயில் எரிந்தால் செலவு எப்படி, இலவச மின்சார சர்வீஸ் யார் பேரில். இந்த மூன்றையும் எழுதாமல் விட்ட குடும்பத்தில் முதல் கோடையிலேயே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வரப்பில் நிற்கும் மரங்கள். எண்ணி எழுதுங்கள், சிரிப்பாக இருந்தாலும் சரி.

வீடு. பிரிக்க முடியாது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நடுவில் சுவர் எழுப்பிய வீடுகளில் இரண்டு பக்கமும் யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகச் சாமான்கள். ஏக்கர் கணக்கில் விட்டுக்கொடுத்தவர்கள் ஒரு பித்தளை அண்டாவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் லிஸ்ட் போட்டு, ஆளுக்கொன்றாகச் சுற்று வைத்து எடுங்கள். முதல் சுற்றைக் கடைக்குட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுக்கொடுக்கும் அக்கா தங்கை இருந்தால் தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். ஒரு புடவையும் பத்தாயிரமும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது இன்றைக்கு மிச்சம்போலத் தெரியும். அவர் பிள்ளைகள் வளர்ந்து கேட்பார்கள்.

8. கூர்ச்சீட்டு எழுதி, பதினைந்து நாள் ஆறப்போடுங்கள்

பேசி முடித்ததை அன்றே ஒரு தாளில் குறித்து எல்லாருக்கும் நகல் கொடுங்கள். எங்கள் பக்கம் கூர்ச்சீட்டு என்போம். அதை வைத்துக்கொண்டு பத்திர ஆபீஸுக்கு ஓடாமல் இரண்டு வாரம் விடுங்கள். வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள், மாமனார் ஏதாவது சொல்வார், ஒருவர் காட்டைப் போய்ச் சுற்றிப்பார்ப்பார். எழும் ஆட்சேபம் இப்போதே எழட்டும், பதிந்த பிறகு வந்தால் செலவு.

இந்தச் சீட்டோடு நின்றுவிடுவதுதான் பெரிய தப்பு. ஊரில் பாதிக் காடு இப்படித்தான் அனுபவத்தில் இருக்கிறது. விற்கவோ லோன் வாங்கவோ போகும்போது அண்ணன் தம்பி எல்லாரையும் மறுபடி கூட்ட வேண்டியிருக்கும், அதற்குள் ஒருவர் இருக்கமாட்டார்.

9. பேச்சு முறிந்துவிட்டால்

முறிந்தால் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நோட்டீஸில் "மேற்படி எதிர்மனுதாரர்" என்று அண்ணனைப் பற்றி எழுதியிருப்பதை அம்மா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஒரு மாதம் விட்டு, எந்த இடத்தில் முறிந்ததோ அதை மட்டும் வேறொரு நடுவரை வைத்துப் பேசுங்கள், எல்லாவற்றையும் மறுபடி திறக்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

அடிதடி, மிரட்டல், அம்மாவைச் சாப்பாடு போடாமல் வைத்திருப்பது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே சமரசம் பேசாதீர்கள், நேரே புகார் கொடுங்கள்.

10. பத்திரம், பட்டா, கல்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுக்கலாம். மைனர் பங்கு இருந்தால் வக்கீலைக் கேட்காமல் எழுதாதீர்கள். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும்.

குடும்பத்துக்குள் பிரிப்பதால் செலவு குறைவு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்திய வரம்பு, நீங்கள் போகும் நாளில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். செலவை யார் ஏற்பது என்பதையும் கூர்ச்சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும், பத்திர ஆபீஸ் வாசலில் பர்ஸைத் தடவிக்கொண்டு நிற்கக்கூடாது.

பத்திரத்தில் கூறுகளின் வரைபடத்தை இணையுங்கள், நான்கு மால் (நான்கு பக்க எல்லை) மட்டும் எழுதினால் போதாது. பதிந்ததும் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு மனுப் போடுங்கள். கூட்டுப் பட்டாவாகவே விட்டுவிட்டுப் பல வருஷம் கழித்து அலைபவர்கள் நிறைய.

சர்வேயர் வந்து கல் நடும் நாளில் மூன்று பேரும் காட்டில் இருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்து, எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று பின்னால் எழுதி வையுங்கள். உழவு டிராக்டர் முதலில் சாய்ப்பது கல்லைத்தான்.